மருந்துப்போலியின் வரலாறு: சங்கீதச் சொல் முதல் செங்கற்பட்டுச் சோதனை வரை

திருச்சபையின் வழிபாட்டு மொழியில் பிறந்து, பின்னர் வேறு துறைகளுக்குக் குடிபெயர்ந்த சொற்கள் பல உள. ‘பிளாசிபோ’ என்பது அவற்றுள் ஒன்று. மருத்துவரும் ஆய்வாளரும் இன்று அன்றாடம் வழங்கும் இச்சொல் ஒரு சங்கீத வசனத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து எழுந்தது என்பதை நம் மாணவருள் பலர் அறியார். மருந்தைப் போன்ற தோற்றம் உடையதாய், மருந்தைப் போலவே கொடுக்கப்படுவதாய், ஆனால் நோயைத் தீர்க்கும் பொருள் எதுவும் தன்னுள் இல்லாததாய் இருக்கும் மாத்திரை, ஊசி, நீர்மம் ஆகியவற்றை இச்சொல் குறிக்கும். தமிழில் இதனை மருந்துப்போலி என்பர். சர்க்கரை மாத்திரையும் உப்புநீர் ஊசியும் எளிய எடுத்துக்காட்டுகள். இத்தகைய ஒன்றைப் பெற்றதன் காரணமாக நோயாளி அடையும் மாறுதலே மருந்துப்போலி விளைவு எனப்படும்.

இவ்விளைவைக் குறித்துச் சபை மக்களிடையே இருவகைப் பேச்சைக் கேட்கிறோம். நம்பிக்கை ஒன்றே எந்நோயையும் தீர்க்கும் என்பதை மருத்துவ அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்பார் ஒரு சாரார். அது வெறும் மனமயக்கம், பொருட்படுத்தத் தக்கதன்று என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றுகளும் வரலாற்றை அறியாமையால் எழுவன. மருந்துப்போலி வரலாற்றில் இருவகைப் பணிகளைச் செய்துள்ளது. ஒன்று நோயாளியை மகிழ்விப்பது. மற்றொன்று மருந்தின் உண்மையைச் சோதிப்பது. இரண்டாவது பணியின் மிகப்பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் சென்னையை அடுத்த சிற்றூர்களிலேயே நடைபெற்றது. நோயாளிகளின் படுக்கையருகே நிற்க அழைக்கப்பட்டுள்ள நமக்கு இவ்விரு பணிகளையும் பகுத்தறிவது இன்றியமையாதது.

1. ஒரு வினைச்சொல்லின் பயணம்

116ஆம் சங்கீதத்தின் 9ஆம் வசனத்தில் உள்ள எபிரெய வினைச்சொல் ‘நடத்தல்’ என்னும் பொருளுடையது. மரணத்தின் கட்டுகளினின்று விடுவிக்கப்பட்ட ஒருவன், இனி உயிருள்ளோர் நடுவே கடவுளின் திருமுன் நடக்கப்போவதை அங்கு அறிக்கையிடுகிறான். கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் இவ்வினையை ‘உகந்தவனாயிருத்தல்’ எனப் பொருள்படும் சொல்லால் மொழிபெயர்த்தனர். இது கைப்பிழை அன்று, அவர்தம் வழக்கம். ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஏனோக்கு கடவுளோடு நடந்ததாக எபிரெயம் கூறுமிடத்திலும் அவர்கள் அதே கிரேக்க வினையையே கையாண்டனர். எபிரெயருக்கு எழுதிய நிருபம் 11:5 ஏனோக்கைக் கடவுளுக்கு உகந்தவனாகக் காட்டுவதும் இம்மொழிபெயர்ப்பின் வழியேயாம்.

கிரேக்கத்தைத் தழுவிய இலத்தீன் சங்கீதப் புத்தகத்தில் இச்சொல் ‘பிளாசிபோ’, அதாவது ‘உகந்தவனாயிருப்பேன்’ என்றாயிற்று. ஜெரோம் பிற்காலத்தில் எபிரெயத்திலிருந்து நேரே பெயர்த்தபோது ‘நடப்பேன்’ என்றே எழுதினார். எனினும் வழிபாட்டில் நிலைத்தது பழைய சொல்லே. நம் தமிழ்த் திருமறை எபிரெயத்தைப் பின்பற்றி நடத்தலையே கூறுகிறது. ஆதலின் தமிழ்த் திருமறையை மட்டும் வாசிப்போருக்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை.

இடைக்கால மேற்குத் திருச்சபையில் இறந்தோருக்கான மாலை வழிபாடு இச்சொல்லோடு தொடங்கிற்று. அதனால் அவ்வழிபாட்டுக்கே ‘பிளாசிபோ’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. இழவு வீட்டில் கிடைக்கும் உணவுக்காகவும் காசுக்காகவும், இறந்தவரோடு யாதொரு தொடர்பும் இல்லாதார் வந்து பாடும் வழக்கமும் தோன்றிற்று. நாளடைவில் ‘பிளாசிபோ பாடுதல்’ என்பது முகத்துதி செய்வதைக் குறிக்கும் தொடராயிற்று. 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் ‘கேன்டர்பரிக் கதைக’ளுள் ஒன்றில் தலைவன் எது சொன்னாலும் ஆமென்று தலையசைக்கும் பாத்திரத்துக்கு இப்பெயரையே சூட்டினார்.

18ஆம் நூற்றாண்டில் இச்சொல் மருத்துவருக்கு உரியதாயிற்று. எடின்பரோ நகரப் பேராசிரியர் வில்லியம் கல்லன் 1772ஆம் ஆண்டு விரிவுரைகளில் இதனை வழங்கினார். 1811இல் வெளிவந்த ஹூப்பரின் மருத்துவ அகராதி, நோயாளிக்கு நன்மை செய்வதைவிட அவரை மகிழ்விப்பதற்கே ஏற்ற மருந்துக்கு இப்பெயரை அளித்தது. கடவுளின் திருமுன் நடப்பதைக் குறித்த ஒரு சொல், மனிதரை மகிழ்விப்பதைக் குறிக்கும் சொல்லாக இவ்வாறு இறங்கிவந்தது.

2. மகிழ்விக்கும் பொய்

பயனுள்ள மருந்துகள் மிகச் சிலவே இருந்த அக்காலத்தில், நோயாளியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத மருத்துவர் மருந்துப்போலியைக் கொடுத்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் 1807ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், தாம் அறிந்த மிகத் திறமையான மருத்துவர் ஒருவர் பிற மருந்துகள் அனைத்தையும்விட ரொட்டி உருண்டைகளையும் நிறமூட்டிய நீரையும் சாம்பற்பொடியையுமே மிகுதியாகக் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். இதனை அவர் நன்னோக்கமுள்ள ஏமாற்றாகவே கருதினார்.

இச்செயலுக்கு ஆதரவாகத் தமிழறிந்தோர் திருவள்ளுவரைத் துணைக்கு அழைக்கக்கூடும். குற்றமற்ற நன்மையைப் பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் கருத்தை அவர் வாய்மை அதிகாரத்தில் கூறியுள்ளார். ஆயின் அங்குள்ள நிபந்தனையை நாம் கவனித்தல் வேண்டும். நன்மை குற்றமற்றதாயிருத்தல் வேண்டும். ரொட்டி உருண்டையால் நன்மை விளைந்ததா என்பதை அம்மருத்துவர் எவ்வாறு அறிந்தார்? சாதாரணக் காய்ச்சலும் இருமலும் சில நாள்களில் தாமே தணிவன. மூட்டுவலியும் தலைவலியும் ஏறியிறங்கும் இயல்புடையன. வலி உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் மருத்துவரை நாடுவர். அதன்பின் வலி குறைவது பெரும்பாலும் இயல்பு. எது கொடுக்கப்பட்டிருந்தாலும் நலம் அதன்பின்னர் வந்திருக்கும். பின்னர் வந்ததாலேயே அதனால் வந்தது என்று முடிவுசெய்வது தருக்கப் பிழையாகும். இப்பிழையை நீக்கும் வழியையும் மருந்துப்போலியே காட்டியது.

3. சோதிக்கும் கருவி

இவ்வழியின் தொடக்கம் மருத்துவமனையில் இல்லை. பேயோட்டும் சடங்கில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் மார்த்தா புரோசியே என்னும் இளம்பெண் பேய்பிடித்தவளாகக் கருதப்பட்டாள். ஆன்ஜே நகரப் பேராயர் அவளைச் சோதித்தார். மந்திரிக்கப்பட்ட நீர் என்று கூறிச் சாதாரண நீர் தரப்பட்டபோது அவள் துடித்தாள். பேயோட்டும் செபம் என்று எண்ணுமாறு இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் காவிய வரிகள் வாசிக்கப்பட்டபோதும் அவ்வாறே துடித்தாள். மெய்ப்பொருளைப் போலத் தோன்றும் வெறும்பொருளைக் கொண்டு மெய்யைச் சோதிக்கும் முறையைத் திருச்சபை ஊழியர் ஒருவர் கையாண்டது நம் கவனத்துக்குரியது.

1784இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு இதே முறையை விரிவாக்கிற்று. பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியலறிஞர் லவாசியேவும் அதன் உறுப்பினர். உடலில் பாயும் காந்த ஆற்றலால் நோய் தீர்ப்பதாக மெஸ்மர் பரப்பிய கொள்கையை அக்குழு ஆராய்ந்தது. காந்தமூட்டப்பட்டதாக நம்பியவர் அவ்வாறு செய்யப்படாதபோதும் வலிப்புற்றனர். அறியாதவாறு காந்தமூட்டப்பட்டவரோ எதையும் உணரவில்லை. 1799இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜான் ஹேகார்த் என்னும் மருத்துவர், வலி நீக்குவதாக அந்நாளில் பெரும்பொருளுக்கு விற்கப்பட்ட உலோகக் கோல்களுக்குப் பதிலாக, அவற்றைப்போல் வண்ணம் தீட்டிய மரக்கோல்களைப் பயன்படுத்தினார். ஐவருள் நால்வர் வலி தணிந்ததாகக் கூறினர். உடல்நலத்தில் எண்ணத்துக்கும் பங்குண்டு என்பதை அவர் ஏற்றார். உலோகத்துக்குப் பங்கில்லை என்பதையும் காட்டினார்.

4. காசநோயும் சென்னையும்

இம்முறை நவீன வடிவம் பெற்றதில் காசநோய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1924இல் டென்மார்க் நாட்டில் தங்கம் கலந்த மருந்தொன்று காசநோய்க்கெனப் புகழ்பெற்றது. அமெரிக்காவில் ஆம்பர்சனும் அவருடைய தோழரும் 24 நோயாளிகளை இரு கூறாக்கி, நாணயத்தைச் சுண்டி, ஒரு கூறாருக்குத் தங்க மருந்தையும் மறு கூறாருக்கு வடித்த நீரையும் ஊசிவழி செலுத்தினர். யாருக்கு எது என்பதை நோயாளிகள் அறியார். 1931இல் வெளியான முடிவு தெளிவாயிருந்தது. தங்கம் நன்மை செய்யவில்லை; நச்சு விளைவுகளையே தந்தது. கற்ற மருத்துவர் பலர் மனமார நம்பிய மருந்து, வெறும் நீருக்கு முன் தோற்றது.

இக்கட்டுரையை நாம் எழுதும் அபிராமபுரத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள சேத்துப்பட்டில், 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தமிழக அரசின் முன்னோடியான சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இதில் இணைந்தன. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படுவது இதுவே. ஓய்வும் தூய காற்றும் சத்துணவும் கொண்ட விடுதிவாழ்வே காசநோயைத் தீர்க்கும் என்று அதுவரை நம்பப்பட்டது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் மிஷன் சங்கங்கள் இணைந்து நடத்திய காசநோய் மருத்துவ விடுதியும் அந்நம்பிக்கையின் காலத்தில் எழுந்ததே. சென்னை மையம் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை விடுதியிலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. 1959இல் வெளியான முடிவின்படி விடுதியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் கிருமி அடங்கிய நிலையை எய்தினர். நெருக்கமான குடிசையும் குறைந்த உணவும் மருந்தின் வேலையைப் பெரிதும் கெடுக்கவில்லை. இச்சோதனையில் மருந்துப்போலி இல்லை. ஆயினும் குணமளிப்பது எது என்னும் வினாவை, ஒன்றை நீக்கி மற்றதை ஒப்பிட்டே தீர்க்க இயலும் என்பதை இது சென்னைக்குக் கற்பித்தது.

5. செங்கற்பட்டுச் சோதனை

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி இந்தியாவில் 1948இல் அறிமுகமாயிற்று. விரைவில் அது நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. 1955இல் முன்னாள் முதலமைச்சர் இராஜாஜி இதனை எதிர்த்து எழுதினார். பயன் உறுதியாக நிறுவப்படாத ஒன்றை மக்கள்திரளின் உடலில் செலுத்தலாகாது என்பது அவர் வாதம். நடுவண் அரசும் மருத்துவ வல்லுநரும் அவரை மறுத்தனர். ஒரு பக்கத்தில் மூத்த அரசியலறிஞரின் மதிப்பு. மறுபக்கத்தில் உலக நிறுவனங்களின் மதிப்பு. மதிப்பை எடைபோட்டு இவ்வழக்கைத் தீர்க்க எவராலும் இயலவில்லை. வெளிநாட்டுச் சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் பள்ளியிறுதி மாணவரிடையே ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புக் காணப்பட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ பாதுகாப்பு மிகச் சொற்பமாயிருந்தது.

இந்நிலையில் 1968இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் கொண்ட பகுதியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கிற்று. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 1971க்குள் ஊசி பெற்றனர். பாரிசு வகை, கோபன்ஹேகன் வகை என இருவகைத் தடுப்பூசிகள் இரண்டு அளவுகளில் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியினர் பெற்றதோ மருந்துப்போலி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. பின்னர் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊழியர் ஊர் ஊராகச் சென்று, மார்பு ஊடுகதிர்ப் படத்தாலும் சளிச் சோதனையாலும் புதிய நோயாளிகளைக் கண்டறிந்தனர்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 1979இல் வெளியாயின. நுரையீரல் காசநோய் தடுப்பூசி பெற்றோரிடத்தும் மருந்துப்போலி பெற்றோரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றியிருந்தது. வகையை மாற்றியும் அளவை மாற்றியும் பயனில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியானபோதும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதே உறுதியாயிற்று. எனினும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய குழந்தைக் காசநோயினின்று இவ்வூசி காக்கிறது என்பதைப் பிற ஆய்வுகள் காட்டியுள்ளமையால், பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் அது போடப்படுகிறது, போடப்படவும் வேண்டும். 1972இல் மறைந்த இராஜாஜி இம்முடிவைக் காணவில்லை. அவரது ஐயம் ஒரு பகுதியில் நியாயமென்று தெரிந்தது. இயக்கத்தாரின் நம்பிக்கையும் ஒரு பகுதியில் நின்றது. எப்பகுதியில் எது என்பதை மேடைப்பேச்சோ பதவியோ சொல்லவில்லை. ஒன்றுமில்லாத ஓர் ஊசியோடு ஒப்பிட்டபோதே அது புலப்பட்டது.

தடுப்பூசியே பெறாமல் ஒப்பீட்டுக்கு நின்ற அம்மக்களை நாம் மறக்கலாகாது. ஊசியின் பயன் மெய்யாகவே ஐயத்துக்குரியதாயிருந்ததால் அவ்வொப்பீடு நேர்மையுடையதாயிற்று. பயன் நிறுவப்பட்ட மருந்து கையிலிருக்க, அதனை மறைத்து மருந்துப்போலியைக் கொடுப்பது அறமாகாது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஏற்ற அறிக்கையும், அதன் பிற்காலத் திருத்தங்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் வெளியிட்ட அறநெறிக் கூற்றும், ஆய்வுக்கு உட்படுவோரின் ஒப்புதலையும் நலனையும் முதன்மைப்படுத்தின.

6. விளைவு எதுவரை செல்லும்?

இனி மகிழ்விக்கும் பணியின் உண்மை அளவைக் காண்போம். 1955இல் அமெரிக்க மருத்துவர் பீச்சர், 15 ஆய்வுகளைத் தொகுத்து, நோயாளிகளுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் மருந்துப்போலியால் நலம் பெற்றதாக எழுதினார். இவ்வெண் உலகெங்கும் பரவிற்று. ஆயின் தாமே தணியும் நோய்களையும் அவர் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. 2001இல் கோபன்ஹேகன் ஆய்வாளர் இருவர், மருந்துப்போலி பெற்றோரைச் சிகிச்சை எதுவும் பெறாதோரோடு ஒப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தனர். வலி முதலிய உணர்வுகளில் சிறிது பயன் தெரிந்தது. கருவியால் அளக்கத்தக்க உடல் மாற்றங்களில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை.

அச்சிறிது பயனும் வெறுங்கற்பனை அன்று. 1978இல் சான்பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவரிடையே நடந்த ஆய்வில், மருந்துப்போலியால் வலி தணிந்தவருக்கு, அபினி வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்தொன்று கொடுக்கப்பட்டபோது வலி மீண்டது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிப் பொருள் அங்கு வேலை செய்தது என்பது இதனால் விளங்கிற்று. எதிர்மறை விளைவும் உண்டு. தீங்கு வருமென்று அஞ்சி எதிர்பார்ப்பவருக்கு வெறும் மாத்திரையாலும் குமட்டலும் தலைவலியும் தோன்றும்.

2011இல் வெளியான ஆஸ்துமா ஆய்வொன்று இதன் எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. மெய்யான மருந்தை உள்ளிழுத்தோரின் மூச்சுத்திறன் 20 விழுக்காடு உயர்ந்தது. மருந்துப்போலியை இழுத்தோருக்கும் எதுவும் பெறாதோருக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடே உயர்ந்தது. ஆயின் எவ்வளவு நலமாயிருக்கிறீர் என்று வினவியபோது, மெய்ம்மருந்து பெற்றோரும் மருந்துப்போலி பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவு நலம் உரைத்தனர். நெஞ்சு ஆறுதல் பெற்றது, மூச்சுக்குழாய் திறக்கவில்லை. ஆறுதலை மட்டும் நம்பியிருக்கும் ஆஸ்துமா நோயாளி தன் ஆபத்தை உணராமலே இருக்கக்கூடும்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். மருந்துப்போலியைக் கொண்டு செய்யும் சோதனை, இந்நான்கனுள் மருந்தை மட்டும் நீக்கி, மற்ற மூன்றையும் அவ்வாறே வைப்பதாகும். எஞ்சிய மூன்றும் எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யா என்பதை அது காட்டுகிறது. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரிடையே செய்த ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. இது மருந்தில்லாத மாத்திரை என்று வெளிப்படையாகக் கூறிக் கொடுத்தபோதும், எதுவும் பெறாதோரைவிட அவர்கள் மிகுந்த நலம் உணர்ந்தனர். ஆறுதல் அளிக்கப் பொய் கட்டாயத் தேவையன்று என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

7. ஊழியர் கருத வேண்டியவை

முதலாவது, நாம் பேணுவோர் வரிசையில் நிற்பவர். நமது வருகை, செபம், பொறுமையோடு கேட்கும் செவி ஆகியவை நோயாளியின் அச்சத்தையும் வலியையும் தணிக்கக்கூடும். இதனை மனமயக்கமென்று இகழ்தல் தகாது.

இரண்டாவது, பேணுபவர் மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்ளலாகாது. நற்செய்திக் கூட்டத்தில் நலம் உணர்ந்ததால் காசநோய் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டவர்களை நம் சபைகளில் ஆயர்கள் பலரும் சந்தித்திருப்பர். காசநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறைந்து உடல் தேறும். கிருமியோ முற்றிலும் அழிந்திராது. வழக்கமான ஆறு மாத மருந்தை இடையில் நிறுத்துவோரின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றவும், அது குடும்பத்தாருக்குப் பரவவும் இடமுண்டு. நலமாயிருப்பதாக உணர்வது வேறு, நலமாயிருப்பது வேறு என்பதை இங்கு எடுத்துரைப்பது ஆயரின் கடமை. எசேக்கியா நோயுற்றபோது ஏசாயா இறைவாக்கையும் உரைத்தார். புண்ணின்மேல் அத்திப்பழ அடையை இடவும் சொன்னார். ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை.

மூன்றாவது, சான்றுகளை நிறுத்துப்பார்க்கும் பழக்கம் விசுவாசத்துக்குப் பகையன்று. பின்னர் நிகழ்ந்ததை அதனால் நிகழ்ந்ததாக அறிவிக்குமுன், அது இன்றியும் நிகழ்ந்திருக்குமோ என வினவுவது வாய்மையின் ஒரு பகுதி. சமாதானமில்லாதபோது சமாதானம் என்று கூறி மக்களின் காயத்தை மேலெழுந்தவாரியாக ஆற்றியவரை எரேமியா கண்டித்தார். அவர்களும் மக்களை மகிழ்வித்தவர்களே.

இலத்தீன் சொல்லின் பொருள் உகந்தவனாயிருத்தல். எபிரெய மூலத்தின் பொருள் நடத்தல். நோயுற்றோரை மகிழ்விப்பது நல்லது. ஆயினும் உயிருள்ளோர் நடுவே கடவுளின் திருமுன் நடப்பவன், தன் சொல்லால் ஒருவர் மகிழ்ந்தாரா என்பதோடு நில்லாமல், அச்சொல் மெய்யா என்பதையும் ஆராய்வான். செங்கற்பட்டுச் சிற்றூர்களில் கைநீட்டி ஊசி பெற்ற மக்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் இதுவே. இதனை நோயாளியின் படுக்கையருகிலும் பிரசங்க மேடையிலும் நினைவிற்கொள்வோமாக.